பாடாத தூண் ரெண்டு வேணும்!

"தம்பி... ஒண்ணாம் தேதிக்குள்ள வேற வீடு பாத்துக்கிறீங்களா?"

காலை ஆறரை மணி. கையில் பால் பாக்கெட், தோளில் துண்டு. 'காபி சாப்பிட்டாச்சா?' என்று விசாரிக்கிற குரலில்தான் வீட்டுக்காரர் இதைக் கேட்டார். அதனால் விஷயம் எனக்கு உறைக்கவே அரை நிமிஷம் ஆயிற்று.

பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கூப்பிட்டால் திரும்ப முடியாத அளவுக்கு ஒரு சமையலறை. குழாயில் தண்ணீர் வரும். பஸ் ஸ்டாப் பக்கம். வாடகையும் கையைக் கடிக்காது. மதுரையில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் அமைவதற்கு முன்ஜென்மத்தில் ஏதாவது குளம் வெட்டியிருக்க வேண்டும். அதை ஒரு பால் பாக்கெட் நேரத்தில் இழப்பதா?

"ஏன் சார், என்ன ஆச்சு?"

"தப்பா நினைக்காதீங்க. என் சம்சாரத்துக்கு ஹார்ட்டு பைபாஸ் பண்ணி நாலு மாசம்தான் ஆகுது. உங்க வீட்டுப் பாட்டு எங்க சீலிங்ல 'தொம்மு தொம்மு'ன்னு இறங்குதுப்பா. 'என் நெஞ்சு அடிக்குதா, மாடியில அடிக்குதா'ன்னு நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிறா."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் சொல்லவில்லை.

பாட்டுக் கேட்கிறவன் நான் இல்லை ஸார். என் அப்பா. வயது எழுபத்தெட்டு. 1968-லிருந்து 1999 வரை மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், நாலு குழாய், ஒரு சைக்கிள், ஒரு தட்டு வண்டி. பந்தலில் பந்திக்கு இலை போடுகிறார்களோ இல்லையோ, அப்பா ஊதுபத்தி ஏற்றி, சீர்காழியின் பிள்ளையார் பாட்டை வைத்துவிடுவார். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை முகம் கழுவுவான்.

முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர். இப்போது வேலை, ஈஸி சேரில் உட்கார்ந்து டி.எம்.எஸ். கேட்பது. டி.எம்.எஸ். 1922-ல் இதே மதுரையில் பிறந்தவர் என்பதை வீட்டுக்கு வருகிற கேஸ்காரரிடம்கூடச் சொல்லிவிடுவார். சவுண்டு மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டே வந்தது. ஆம்ப்ளிஃபயர் குமிழின் கோடு ஒரு காலத்தில் கடிகார முள் மாதிரி ஒன்பது மணியில் நின்றது. அப்புறம் பத்து... பதினொன்று... இப்போது உச்சி வெயில் பன்னிரண்டு!

"அப்பா, நல்லாக் கேக்குதாப்பா?"

"ம்ம்... பிரமாதம்டா."

இந்த 'பிரமாதம்டா'வை நான் ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கர் ஜோடி என்னுடையது. 1998-ல் முதல் போனஸில் டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. அரிசி டப்பா உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். உள்ளே ஆறரை அங்குல ஊஃபர் ஒன்று, அதற்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ட்வீட்டர் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா தீர்ப்பு சொன்னாள்: "பீரோ மேல வய்யி. புள்ளைங்க கை வைக்காது."

வைத்தேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். கை வைக்கக்கூடிய பிள்ளைகள் வேலைக்கே போய்விட்டார்கள். ஸ்பீக்கர் மட்டும் பீரோ மேலேயே இருந்தது. வீடு மாறினோம், பீரோவும் மாறியது, ஸ்பீக்கரும் கூடவே ஏறிக்கொண்டது. நம் வீடுகளில் இப்படித்தான், ஒரு பொருள் எங்கே இருக்கிறதோ அதுதான் அதன் பிறப்பிடம்.

வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடும்போது எதேச்சையாகப் பீரோக் கதவில் கை வைத்தேன். ஸார், பீரோ பாடுகிறது! கதவுத் தகடு என் உள்ளங்கையில் குறுகுறுவென்று துடிக்கிறது. உள்ளே ஹாங்கர்கள் கிணுகிணுக்கின்றன. லாக்கரில் மனைவியின் வளையல் டப்பா தாளம் போடுகிறது. கீழே குனிந்து தரையைத் தொட்டேன். மொசைக் தரையும் சன்னமாக அதிருகிறது. அந்தத் தரைக்கு அடியில்தான் அந்தம்மா படுத்திருக்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் ஆராய்ச்சி.

ஒலிபெருக்கி என்பது எளிமையான சமாசாரம். ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளில் ஒட்டிய காகிதக் கூம்பு. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் 1925-ல் இதை முறைப்படி எழுதி வைத்தார்கள். நூறு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் செல்போனுக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதே சரக்குதான்.

கூம்பு முன்னால் பாய்கிறபோது பெட்டியைப் பின்னால் தள்ளுகிறது. நியூட்டன் மூன்றாம் விதி, ஒன்பதாம் வகுப்பு. கூம்பின் எடை பத்து, பதினைந்து கிராம். பெட்டி ஐந்தாறு கிலோ. அதனால் பெட்டி அசைவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அடியில் இருப்பது வெற்றுத் தகரப் பெட்டியாக இருந்தால் அந்தத் துளி அசைவே போதும். ஆறரை அடி உயரத் தகடு முழுக்க வாங்கிக்கொண்டு அதன் இஷ்டத்துக்கு ஒரு ராகம் பாட ஆரம்பித்துவிடும். டி.எம்.எஸ். நிறுத்தினாலும் பீரோ நிறுத்தாது.

இன்னொரு கூத்து, மூலை. தாழ்ந்த சத்தம் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் பரவும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டியதும் இந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரு பரப்புக்கு அதிகபட்சம் 6 டெசிபல் கூடும் என்பது கணக்கு. என் பீரோ நின்றது அறையின் மூலையில். பின்சுவர், பக்கச்சுவர், தலைக்கு மேல் கூரை... மூன்று பேரும் சேர்ந்து 'தொம்'மை மட்டும் தூக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் அதற்கென்று சொந்தமாகச் சில சுருதிகள் உண்டு. நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 48 ஹெர்ட்ஸும் 57 ஹெர்ட்ஸும். மூலையில் ஸ்பீக்கரை வைப்பது இந்தச் சுருதிகளைச் சாவி கொடுத்து முடுக்கிவிடுவதற்குச் சமம்.

சரி, 'தொம்' புரிந்துவிட்டது. அப்பா ஏன் சவுண்டை ஏற்றுகிறார்?

இது புரிந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பேச்சில் 'அ', 'ஆ', 'ஓ' எல்லாம் தாழ்ந்த பக்கம், பலம் அதிகம். ஆனால் 'பட்டு', 'தட்டு', 'கட்டு' மூன்றையும் பிரித்துக் காட்டுகிற மெய்யெழுத்துச் சங்கதி 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கிறது. அது போய்விட்டால் சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. சத்தத்துக்குப் பக்கத்திலேயே தொழில் செய்தவர்களின் காதில் முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். வயசும் சேர்ந்துகொண்டால் அதற்கு மேலே இருப்பதும் போகும். முப்பத்தொரு வருஷம் குழாய்க்கு அடியில் நின்றவருக்கு வேறென்ன மிஞ்சும்?

இதற்கு மேல் நான் செய்திருந்த உபகாரத்தைக் கேளுங்கள். ஸ்பீக்கர் ஏழு அடி உயரத்தில். அப்பாவின் காது, ஈஸி சேரில் சாய்ந்தால் மூன்றடி. நடுவில் எட்டடி தூரம். அதாவது அவர் ஸ்பீக்கரை இருபத்தாறு, இருபத்தேழு டிகிரி கீழேயிருந்து கேட்கிறார். பெட்டியில் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே பதினைந்து சென்டிமீட்டர். இந்தக் கோணத்தில் இரண்டிலிருந்தும் கிளம்புகிற ஒலி ஒரே சமயத்தில் காதுக்கு வராது, ஒன்று 6.7 சென்டிமீட்டர் பிந்தும். அது 2600 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி. ஒன்று 'ஏலேலோ' என்று இழுக்கும்போது இன்னொன்று எதிர்ப்பக்கம் தள்ளும். கூட்டிக் கழித்தால் அங்கே ஒரு பள்ளம். என் ஸ்பீக்கர் மாதிரிப் பெட்டிகளில் ஊஃபர் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். ட்வீட்டரின் மெல்லிய ஓசையோ டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போவது. அது அப்பா தலைக்கு மேலே போய் எதிர்ச்சுவரில் இருக்கிற மீனாட்சி காலண்டருக்குக் கச்சேரி செய்துகொண்டிருந்தது.

ஆக, காது ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. மகன் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் வெட்டிக் கொடுத்திருந்தேன். மனுஷன் வார்த்தையைத் தேடிக் குமிழைத் திருகினார். வார்த்தை வரவில்லை, 'தொம்' மட்டும் வந்தது. அது கீழ்வீட்டு நெஞ்சில் இறங்கியது.

"பிரமாதம்டா" என்றாரே... கூச்சம். 'மைக் செட்காரனுக்குக் காது கேக்கலை' என்று எந்த வாயால் சொல்வார்?

இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு இங்கிலீஷில் 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்று பெயர். புத்தக அலமாரியில் வைக்கலாம் என்று அர்த்தம். 1954-ல் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர், பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை வாங்கினார். அதுவரை சின்ன அலமாரி அளவுக்கு இருந்த ஸ்பீக்கர் அலமாரிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. பிறகு பி.பி.சி. எஞ்சினீயர்கள் 1970-களில், வெளியூர் ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்கென்று எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு குட்டிப் பெட்டியை வடிவமைத்தார்கள். உயரம் ஏறக்குறைய ஒரு அடிதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோன ரசிகர்கள் அலமாரியிலிருந்து இறக்கி, சுவரிலிருந்து விலக்கி, காலில் நிறுத்திக் கேட்டார்கள், பிடித்துப்போனது. இப்படித்தான் 'ஸ்பீக்கர் ஸ்டாண்டு' என்ற தனிச் சாமானே பெரிசாகக் கிளம்பியது. அலமாரி ஸ்பீக்கரை அலமாரியில் வைக்காதே என்பது இப்போது ஓர் எழுதாத சட்டம்.

ஆனால் அந்த விஷயத்தில் வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே நம் ஆட்கள் புலி. சவுக்குக் கம்பத்தில் குழாய் கட்டியது ஸ்டாண்டு இல்லாமல் வேறென்ன?

ஸ்டாண்டு விலையை ஒரு கடையில் விசாரித்தேன். சொன்ன தொகைக்கு இன்னொரு ஜோடி ஸ்பீக்கரே வாங்கலாம். "நாமே செஞ்சுட்டா என்ன?" என்றேன் வீட்டில். மனைவி பார்த்த பார்வையில், போன தீபாவளிக்கு நான் செய்த ஷூ ராக்கின் முழு வரலாறும் இருந்தது.

முதலில் அளவு. தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஈஸி சேரில் கண்மூடிக் கிடந்த அப்பாவின் காதிலிருந்து தரை வரைக்கும் பிடித்தேன். கண்ணைத் திறந்தார்.

"என்னடா... இப்பவே பாடைக்கு அளவெடுக்கிறியா?"

"இல்லப்பா, ஸ்பீக்கருக்கு."

"ஸ்பீக்கர் சாகப்போவுதா?"

காது உயரம் 34 அங்குலம். பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் வரைக்கும் 10 அங்குலம். கழித்தால் ஸ்டாண்டு உயரம் 24 அங்குலம். இந்தக் கணக்கு ஒன்றுதான் ஸார் முக்கியம். இதற்கப்புறம் வருவதெல்லாம் எதில் செய்வது, எவ்வளவு கனமாகச் செய்வது என்கிற விவகாரம்தான். உங்கள் நாற்காலி வேறு, உங்கள் காது வேறு. யாரோ சொன்னார்கள் என்று 24 வைக்காதீர்கள்.

முதல் பரிசோதனை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். உயரம் ஏறக்குறைய சரி. சத்தம்? அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசின மாதிரி. பிளாஸ்டிக் தன் பங்குக்கு முனகுகிறது. தவிர, மனைவி பெருக்கும்போது விளக்குமாறு பட்டு ஸ்டூல் நகர்ந்து, முப்பது வயசு ஸ்பீக்கர் ஒன்று தற்கொலைக்குத் துணிந்தது. பாய்ந்து பிடித்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது, ஹாலோ பிளாக். தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கெஞ்சி நாலு கல் இரவல். ஒரு கல் 16 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரம். ஒன்றை நட்டமாக நிறுத்தி அதன்மேல் ஒன்றைப் படுக்கவைத்தால் மிகச்சரியாக 24! கடவுளே டேப் வைத்து அளந்து செய்த மாதிரி. ஸ்பீக்கரைத் தூக்கி வைத்துக் கேட்டேன். ஸார்... அதே பாட்டு, அதே செல்போன், அதே ஆம்ப்ளிஃபயர். ஆனால் திரை விலகின மாதிரி இருந்தது. டி.எம்.எஸ். பீரோவிலிருந்து இறங்கி இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். வலதுபக்கம் தபேலா, இடதுபக்கம் வயலின். 'தொம்' காணாமல் போய், பேஸ் என்றால் என்ன சுருதி என்று தெரிந்தது.

நிஜத்தைச் சொன்னால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நாலு கல், ஓசி. காசில்லாத மாணவர்கள், பேச்சிலர்கள் தயவுசெய்து இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

"ஏங்க, வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க, சரி. இடிக்கச் சொன்னாங்களா?" என்றாள் மனைவி. கல்லிலிருந்து உதிர்ந்த சிமெண்டுத் தூள் ஹால் முழுக்க. சாயங்காலம் மேஸ்திரியும் ஆள் அனுப்பிவிட்டார். சுவர் நாலு கல் குறைகிறதாம்.

மூன்றாவதுதான் நிஜ ஸ்டாண்டு. தெருக்கோடி வெல்டிங் பட்டறைக்குப் போனேன். நாலு அங்குலச் சதுர இரும்புக் குழாய், 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு துண்டு. மேலே ஸ்பீக்கரைவிடச் சின்னதாக ஒரு தகடு, கீழே பத்து அங்குலச் சதுரத்தில் கனத்த தகடு.

"என்ன கட்சிண்ணே?" என்றாப்ல பட்டறைக்காரர்.

"எதுக்கு?"

"கொடிக்கம்பந்தானே? ரொம்பக் கட்டையா இருக்கே."

ஸ்பீக்கருக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஸ்பீக்கர மேல கட்டாம எதுக்கு இடுப்பு ஒசரத்துல நிறுத்துறீக?" என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சரி, காசு குடுக்குறீக, செஞ்சுருவோம்" என்று சமாதானமும் செய்துகொண்டார். மேல்தகட்டில் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை போடச் சொன்னேன். "இது எதுக்கு?" "மணல் கொட்ட." அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. வெல்டிங் மட்டும் செய்தார்.

ஸ்டாண்டு வந்தது. ஆள்காட்டி விரலை மடக்கிக் குழாயைத் தட்டினேன். 'டைய்ங்ங்ங்...' கோயில் மணி! வெற்றுக் குழாய் நாதஸ்வரத்துக்குப் பிறந்தது. அது ஸ்டாண்டாக ஆகாது. அதற்குத்தான் மணல். மணலில் லட்சக்கணக்கான துகள்கள். குழாய் அதிரும்போது அவை ஒன்றோடொன்று உரசி, அந்த ஆட்டத்தைக் கொஞ்சூண்டு சூடாக மாற்றித் தின்றுவிடும். வெளிநாட்டு ஆசாமிகள் ஈயக் குண்டெல்லாம் போடுகிறார்கள். ஈயம் விஷம், வீட்டில் வேண்டாம். மணலே போதும்.

ஆனால் மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் குழாய் உள்ளுக்குள் துருவேறும். மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாள் பார்த்து மேகமூட்டம். பொறுமை இல்லாமல் பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஆபீஸ் வேலை போயிருச்சா தம்பி? கடலை வியாபாரமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வறுத்த மணலை ஆறவைத்து, புனல் வைத்து ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினேன். ஒரு குழாய்க்கு ஒன்பது கிலோ பிடித்தது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வெல்டிங் இடுக்கு வழியாகக் கசிந்து, ஹாலில் ஒரு குட்டி வைகை. அசல் வைகை மாதிரியே, வெறும் மணல்! எம்-சீல் வைத்து அடைத்தேன்.

அடியில் வைக்கக் கிரானைட். மேலூர்ப் பக்கத்துக் கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமா? கல் அறுக்கிற இடத்தில் சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சின துண்டு, ஒரு அடிச் சதுரம், முக்கால் அங்குலக் கனம். ஒன்று நாலரை கிலோ. அதை இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒட்டி, கிரானைட்டுக்கும் தரைக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் மடிப்பு மூன்று. ஏன் மூன்று? நாலு கால் ஆடும்; மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. நம் பாட்டிகள் அடுப்புக்கு மூன்று கல்தான் வைத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்டாண்டு இருபது கிலோவுக்கு வந்தது. ஸ்பீக்கர் நழுவாமலிருக்கப் பிள்ளைகள் பொம்மை செய்கிற மெழுகுக் களிமண், நாலு மூலைக்கும் நாலு கொட்டைப்பாக்கு அளவு.

அடியில் கூராக ஆணி வைக்க வேண்டும் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. ரப்பர்தான் என்று சொல்கிற கட்சியும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாத குறை. கார்ப்பெட்டைத் துளைத்துக் கெட்டித் தரையைப் பிடிக்க ஆணி சரி. நமக்குக் கார்ப்பெட்டும் இல்லை, மொசைக்கில் ஓட்டை போட்டால் அட்வான்ஸும் இல்லை. தவிர, கீழ்வீட்டுக்கு அதிர்வு போகக்கூடாது என்பதுதானே என் பிரச்னை? ரப்பர் கட்சியில் சேர்ந்தேன். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்டால், உயரமும் இடமும் கொடுக்கிற பலனில் கால்வாசிகூட ஆணியும் ரப்பரும் கொடுப்பதில்லை. லட்ச ரூபாய் ஸ்டாண்டு வாங்கினவரிடம் இதைச் சொல்லாதீர்கள். பாவம்.

இரண்டையும் அறையில் நிறுத்தினேன். மூலையில் இல்லை, பின்சுவரிலிருந்து ஒன்றே முக்கால் அடி, பக்கச்சுவரிலிருந்து இரண்டடி. இரண்டு தூரமும் ஒன்றாக இருந்தால் ஒரே சுருதியில் இரண்டு பள்ளம் விழும் என்பதால் வேண்டுமென்றே வேறுவேறு. இரண்டு ஸ்டாண்டுக்கும் நடுவே ஆறடி.

அப்பா ஈஸி சேரிலிருந்து எழுந்து வந்தார். இத்தனை நாளாக வாயே திறக்காமல் வேடிக்கை பார்த்தவர். ஸ்டாண்டை விரலால் தட்டினார். 'டொக்.' இன்னொரு தரம். 'டொக்.' பலாப்பழம் வாங்குகிற மாதிரி காதைச் சாய்த்தார்.

"மீனாட்சியம்மன் கோயில்ல வடக்காடி வீதியில இசைத் தூண் இருக்குல்லடா... ஒரே கல்லு, தட்டுனா பாடும்?"

"ஆமாப்பா."

"அதுக்கு நேர் எதிரு. இது பாடாத தூணு. அதான் வேணும். தாங்குறவன் பாடக் கூடாது."

நான் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டதை மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. "குழாய மேல கட்டுனாலும் மூஞ்சியக் கூட்டத்தப் பாத்துக் குனிய வைக்கணும். கோபுரத்தப் பாத்துக் கட்டுனா கோபுரந்தான் கேக்கும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா பீரோ மேல இருக்கட்டும்னு விட்டீங்க?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "உங்க அம்மா வைக்கச் சொன்ன இடம்டா."

நான் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யப் போனேன். வேறு எங்கேயும் பார்க்கத் தோன்றவில்லை.

செல்போனைக் கோத்து, பாட்டைப் போட்டேன். டி.எம்.எஸ். குமிழ் வழக்கப்படி பன்னிரண்டு மணியில் இருந்தது. பல்லவியின் முதல் வரி முடியவில்லை. அப்பா நெற்றியைச் சுருக்கினார். சரி, இதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது, மூவாயிரத்துச் சொச்சமும் மணலில் போயிற்று என்று நினைத்தேன்.

"டேய்... ஏன்டா இப்பிடி அலற விடுற? குறைடா!"

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

பதினொன்று. "இன்னும் குறை." பத்து. "ம்... இன்னும்." ஒன்பதில் கையைக் காட்டி நிறுத்தினார். சாய்ந்து உட்கார்ந்தார். சரணம் வந்தபோது உதடு அசைந்தது. வெறுமனே தலையாட்டவில்லை, பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் அடுத்த வார்த்தையைப் பிடித்துப் பிடித்துக் கூடவே முணுமுணுத்தார். ஒரு இடத்தில் சிரித்தார். "இந்த எடத்துல மூச்சு வாங்குறாரு பாத்தியா? ரெக்கார்டுல கேட்டது. ரொம்ப நாளாக் காணோம்."

அப்புறம் அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல். "ஒரு வருசமா வார்த்தை சரியா வுழுகலடா. பழக்கத்துல மனசுக்குள்ளயே பாடிக்கிட்டிருந்தேன்."

மறுவாரம் ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் நினைத்த இடத்திலேயே, 4000 ஹெர்ட்ஸில், கோடு கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. ஸ்டாண்டு காதைக் குணப்படுத்தாது, மிச்சமிருக்கிற காதுக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். டாக்டர் காது மெஷின் வைக்கச் சொன்னார். அப்பா ஒரு மாசம் முரண்டு பிடித்தார். "முப்பது வருசம் மெஷின வாடகைக்கு விட்டவனுக்கே மெஷினா?" கடைசியில் பேத்தி போனில் பேசுவது பாதி புரியவில்லை என்று தானாகவே சம்மதித்தார்.

ஒண்ணாம் தேதி வந்தது. மூட்டை கட்டவா, வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அரசாங்கத்தின் 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளில், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரியில் 45 டெசிபல் என்று இருப்பதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், வாதாட. சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர்.

"என்ன தம்பி, பத்து நாளாப் பாட்டே போடறதில்லையா? நான் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுப் பெரியவரப் பட்டினி போட்டுராதீங்கப்பா. மெதுவா வச்சுக் கேக்கட்டும்."

உள்ளே ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூட்டிவந்து உட்காரவைத்தேன். முழுப் பாட்டையும் கேட்டார். ஸ்டாண்டைச் சுற்றி வந்தார், குனிந்து சைக்கிள் ட்யூபைப் பார்த்தார். வாடகை விஷயம் பேசுவார் என்று நான் காத்திருக்க, அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டு டி.வி.யைச் சுவத்துல ரொம்ப ஒசக்க மாட்டிட்டான் தம்பி, கடைக்காரப் பய. என் சம்சாரம் வசனமே புரியலைங்கறா. சவுண்ட ஏத்தச் சொல்றா, ஏத்துனா நெஞ்சு படபடங்குதுங்கறா..."

அப்பா ஈஸி சேரிலிருந்து எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்த டேப்ப எடுடா."